கடைசி இடம் கேட்டு வந்தவர்கள்

அக்டோபர் 11, வெள்ளி

விடுதிக்கு முப்பது புதுப் போர்வை வந்து இறங்கியது. அலமாரியில் அடுக்கிப் பூட்டிவிட்டேன். இனி என்னைக் கேட்காமல் ஒருவரும் ஒன்றை உருவ முடியாது.

மதியம் கூட்டம். ‘குட்டி நாடுகள் விளையாட்டுப் போட்டி’ என்று ஒன்று, இரண்டாம் தடவையாக நடக்கிறதாம். இந்தத் தடவை கொடைக்கானலில். பதினாலு நாடுகள். அட்டுவம்பட்டியில் மிஷன் விருந்தினர் விடுதி காலியாகக் கிடப்பதாக யாரோ நல்லவர் சொல்லிவிட்டார். ஒரு அணி எங்கள் தலையில். விடுதிப் பொறுப்பு எனக்கு என்பதால் ‘அணித் தொடர்பாளர்’ பொறுப்பும் எனக்கே. வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ‘ஆக்ஸிலியா’ என்று என் பெயர் அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை நானும் அதைக் கழற்றவில்லை.

எங்களுக்கு வந்த நாடு துலோவா. தீவு. போனில் வரைபடத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். ஒரு புள்ளி தெரிந்தது. துடைத்தேன், போய்விட்டது.

அதிகாரிகளுக்கான மஞ்சள் கோட்டு கொடுத்தார்கள். தவறிப்போய் எனக்கு இரண்டு வந்தது. ஒன்றைத் தம்பி கஸ்பாருக்குக் கொடுத்தேன். கிளாவரையிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு தினமும் நடுங்கிக்கொண்டே வருகிறான். கமிட்டியில் கேட்கவில்லை. கேட்டால் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் எதற்குக் கேட்பது?

அக்டோபர் 14, திங்கள்

வந்துவிட்டார்கள். மொத்தம் நாலே பேர். பக்கத்து விடுதிக்கு வந்த நாட்டுக்கு வைத்தியரும் சமையல்காரரும் சேர்ந்து முப்பத்திரண்டு பேர். நம்முடையவர்கள் ஒரே ஜீப்பில் இறங்கினார்கள். இறங்கியவுடன் கேட்டது போர்வை. நாலு பேருக்குப் பதினொன்று போய்விட்டது. இன்னொரு பூட்டும் போட்டிருக்கலாம்.

மானேஜர் ஓரோ, ஊரில் போஸ்ட் மாஸ்டர். லிசாலி ஓடுகிறவள். துமா குண்டு எறிகிறவர், கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைகிறார். பென்னோ நடைப்போட்டி. ஒல்லி, வெட்கக்காரன், எதற்கும் தலையாட்டுகிறான்.

“மெடல் வாங்குவீர்களா?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ஓரோ பதறிவிட்டார். “ஐயோ, அதெல்லாம் இல்லை. எங்களுக்குக் கடைசி இடம் வேண்டும்.”

என் இங்கிலீஷ்தான் மோசமோ என்று மறுபடி கேட்டேன். அதேதான். போன தடவை மூன்று பேர் போய் மூன்று பேருமே போட்டியை முடிக்கவில்லையாம். முடிக்காதவர்களுக்கு முடிவுப் பட்டியலில் இடமில்லை. பதிமூன்று நாட்டின் பெயர் அச்சில் இருக்கிறது, துலோவா மட்டும் இல்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் இனி அணியே அனுப்பப் போவதில்லை என்று அவர்கள் அரசாங்கம் சொல்லிவிட்டதாம். “ஒரே ஒரு வரி போதும். கடைசி வரியாக இருந்தால் கண்டுபிடிக்கவும் சுலபம்” என்றார். சிரிக்கத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

காலைக்கு மீன் கேட்டார்கள். சமையல் மாயக்காள் ரவா உப்புமா வைத்தாள். இரு நாட்டு உறவு இதுவரை நன்றாகவே இருக்கிறது.

அக்டோபர் 16, புதன்

பென்னோ வில்பட்டி ரோட்டில் பழகப் போனான். இந்த நடைப்போட்டிக்காரர்கள் இடுப்பை வெட்டி வெட்டி நடக்கிறார்கள். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விடக் கூடாதாம். மாயக்காள் பார்த்துவிட்டு, “பாவம்க்கா, இடுப்புல ஏதோ பிடிச்சிருக்கு. தைலம் தேய்ச்சு விடட்டுமா?” என்றாள்.

போன அரை மணியில் திரும்பிவிட்டான். கேரட் லாரியில். கேட்டால், ஒவ்வொரு வண்டியும் நின்று “ஏறுங்க சார்” என்கிறார்களாம். ஏழு வண்டிக்கு மாட்டேன் என்றானாம். எட்டாவது டிரைவர் இறங்கியே வந்துவிட்டார். இந்த ரோட்டில் ஒரு மனுஷன் நடந்து போனால் பார்த்துக்கொண்டு போகிற வழக்கம் யாருக்கும் இல்லை. அவன் ஊரிலும் கூப்பிட்டால் ஏறாமலிருப்பது மரியாதை இல்லையாம். நல்ல பொருத்தம்.

உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னேன்: “போட்டி அன்றைக்கு யார் கூப்பிட்டாலும் ஏறக் கூடாது. மஞ்சள் கோட்டு போட்டவர் மட்டும்தான் அதிகாரி. அவர் என்ன சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் செய்.” தலையாட்டினான். இப்படிச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் இவர்கள் கதி என்ன?

அக்டோபர் 17, வியாழன்

லிசாலி இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கடல் மட்டத்தில் ஓடிப் பழகியவளுக்கு ஏழாயிரம் அடியில் காற்று எங்கே இருக்கிறது? ராத்திரி சாப்பிடவில்லை. ரசம் மட்டும் குடிக்க வைத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

துமா மூன்று தடவை எறிந்தார். நல்ல தூரம்தான். மூன்று தடவையும் குண்டோடு சேர்ந்து இவரும் வட்டத்துக்கு வெளியே போய்விட்டார். கணக்கில் இல்லை.

மிச்சம் பென்னோ. நாளைக்கு.

அக்டோபர் 19, சனி

முடித்துவிட்டான்!

அட்டுவம்பட்டியிலிருந்து வில்பட்டி போய்த் திரும்ப, பத்து கிலோமீட்டர். மழையால் காலையில் தொடங்க வேண்டியது பகல் இரண்டரைக்குத்தான் தொடங்கியது. மற்ற பதினோரு பேரும் ஒரு மணி நேரத்தில் வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். மூடுபனி இறங்கி எதிர் வீடு தெரியவில்லை. ஓரோ கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாலு மணி எட்டு நிமிஷத்துக்குப் பனிக்குள்ளிருந்து முதலில் அந்த இடுப்பு வந்தது, அப்புறம் பென்னோ வந்தான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாவது இடம். துமா அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன் என்று மாயக்காள் சொல்கிறாள். பனி கண்ணில் பட்டால் அப்படித்தான்.

ஓரோ ஊருக்குப் போன் போட்டு, போஸ்ட் ஆபீஸுக்கு அரை நாள் லீவு விட்டார்.

அதே நாள், ஆறரை மணி

கஸ்பார் வந்தான். மஞ்சள் கோட்டில். பெரிய உதவி செய்த முகம்.

“அக்கா, உன் வெளிநாட்டுப் பையன இன்னைக்கு நாந்தான் காப்பாத்துனேன். பெரிய காட்டுமாடு ஒண்ணு நடு ரோட்டுல நிக்குது. இவன் பாட்டுக்கு இடுப்ப ஆட்டிக்கிட்டு நேரா அதுகிட்டயே போறான். வண்டிய நிறுத்தி, ஏறுலேன்னேன். பேசாம ஏறிட்டான். மாட்டத் தாண்டி எறக்கி விட்டேன்.”

ரோட்டில் காட்டுமாடு நின்றால் நடந்து வருகிறவர்களை வண்டியில் ஏற்றித் தாண்டி விடுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். நானே எத்தனை தடவை அப்படி ஏறியிருக்கிறேன். ஆனால் இது போட்டியாச்சே, சண்டாளா!

மாடு நின்ற வளைவில் இருந்த நடுவர் அதைப் பார்த்ததும் டீக்கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். ஆக, யாரும் பார்க்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை. கோட்டு கொடுத்தது நான். மஞ்சள் கோட்டு சொன்னால் கேள் என்றதும் நான். வாயைத் திறக்கப் போவதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

திறந்துவிட்டேன்.

நேற்று சாப்பாட்டின்போது பென்னோ சொன்னான்: “உங்கள் ஏற்பாடு நன்றாக இருந்தது. மாடு வந்தால் வண்டி தயாராக வைத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் போனவர்களையும் அப்படித்தான் ஏற்றிவிட்டீர்களா?”

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. தெரியாமலே ஊருக்குப் போய், அந்த வரியைக் காலத்துக்கும் காட்டிக்கொண்டிருப்பான். என்னால முடியல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். கோட்டு, தம்பி, மாடு, எல்லாம். என்ன திட்டணும்னாலும் திட்டுங்கன்னேன்.

ஒருவரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. லிசாலி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். ஓரோ போனை எடுத்தார், பார்த்தார், கீழே வைத்தார். பென்னோ மட்டும், “எவ்வளவு தூரம்?” என்றான்.

“தெரியாது. மாட்டின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.”

எழுந்து போய் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தான்.

எல்லாருமாகத் தலைமை நடுவர் தமயந்தி மேடத்திடம் போனோம். திண்டுக்கல்லில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். பார்த்தாலே முதுகு நிமிர்ந்துவிடும். “வண்டியில ஏறுனவனுக்கு நடைப்போட்டியில என்னம்மா சோலி?” என்றார். கோட்டு விஷயத்தைச் சொன்னேன். விதிப் புத்தகத்தை அரை மணி நேரம் புரட்டினார்.

“அதிகாரி உடுப்புல இருக்கவங்க சொன்னா கேக்கணும்னு விதியிலயே இருக்கு. பையன் மேல தப்பில்ல. தப்பு உங்க மேல.”

“ஆமாங்க மேடம்.”

“விட்டுப்போன தூரத்த காலையில ஏழரைக்கு என் கண்ணு முன்னால நடக்கட்டும். இப்ப பனியில மாடு திரியும். ஆனா கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அத நிறுத்தச் சொல்லி எங்கயும் எழுதல.”

பிறகு கையை நீட்டினார். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு கோட்டையும் துவைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

இன்று காலை. கஸ்பார் சட்டை மட்டும் போட்டு நடுங்கிக்கொண்டே ஏற்றிய இடத்தையும் இறக்கிய இடத்தையும் காட்டினான். டேப் வைத்து அளந்தார்கள்: முன்னூற்று நாற்பது மீட்டர். முதல் பூசை முடிந்து வந்த கூட்டம் முழுக்க ரோட்டோரம் நின்றுவிட்டது. மேடம் கையைக் காட்டினார். பென்னோ நடந்தான். பாதி தூரம் போயிருப்பான், ஒரு சுற்றுலாக் கார் வந்து அவன் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. “ஏறுங்க சார், விட்டுர்றோம்.”

“ஏத்தாதீங்க!” என்று ஊரே கத்தியது. காரில் இருந்தவர்கள் பயந்து போனார்கள். மாயக்காள் கார் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பென்னோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்தான், முடித்தான். தமயந்தி மேடம் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். எழுதும்போது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சத்தியம் பண்ண மாட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

கிளம்பிவிட்டார்கள். போர்வை பதினொன்றில் பத்துதான் இருக்கிறது. கேட்கவில்லை.

நவம்பர் 9, சனி

முடிவுப் புத்தகம் தபாலில் வந்தது. கூடவே ஓரோவின் கடிதம்: அடுத்த தடவைக்கு ஆறு பேரை அனுப்ப அவர்கள் அரசாங்கம் சம்மதித்துவிட்டது. நடைப்போட்டிப் பக்கத்தை வெட்டி வரவேற்பு மேஜைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டினேன். அதற்குள் கமிட்டியிலிருந்தும் ஒரு கடிதம், இனி எந்தப் போட்டிக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்களாம். அதைச் சட்டம் போடவில்லை.

மதியம் திருப்பூர்க்காரர் ஒருவர் அறை கேட்டு வந்தார். பேர் எழுதிக்கொண்டே சுவரைப் பார்த்தார். கிட்டப் போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“மேடம், கடைசி வரியில அச்சுப் பிழைங்க. பத்து கிலோமீட்டருக்குப் பதினேழு மணி நேரம் ஆறு நிமிஷம்னு போட்டிருக்காங்க.”

“பிழை இல்லைங்க. சரியாத்தான் இருக்கு” என்று சொல்லி, சாவியைக் கொடுத்தேன்.