பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னதை வேலைக்குத் திரும்பியதாக எழுதியதை நீக்கக் கோரி

அனுப்புநர்:
ப. தெய்வம்மா,
பத்தாம் வகுப்பு மாணவி,
கடைசி லயம், அரசுத் தேயிலைத் தோட்டம்,
கீழ் கோத்தகிரி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: எங்கள் தோட்டத்தில் வேலைநிறுத்தம் முடிந்ததாக ஒட்டப்பட்டுள்ள அறிவிப்பை ரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். இங்கு வந்த நாள் முதல் என் பெற்றோர் தற்காலிகத் தொழிலாளிகளாகவே இருக்கிறார்கள். நிரந்தரமாக்கக் கேட்டு, சங்கத்தின் மூலம் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்த பிறகுதான் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். அப்படிச் செய்வதைச் சட்டம் குற்றமாகச் சொல்லவில்லை என்பதைக் கோத்தகிரி நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

2. சென்ற வியாழக்கிழமை காலை போலீஸ் ஜீப்போடு ஓர் அதிகாரி வந்தார். "அரசாங்கம் உங்களுக்காகவே போட்ட தோட்டமுங்க இது. இங்கே ஸ்டிரைக் எல்லாம் கிடையாது" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரையும் பிரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, வரச் சொன்னார். "பேரைக் கூப்பிட்டா பதில் சொல்லுங்க, அவ்வளவுதானுங்க. குடும்பக் கணக்கு எடுக்கிறோம்" என்றார்.

3. ஐயா, எங்கள் ஆட்களுக்குப் பெயர் கூப்பிடுவது என்றால் என்ன என்று அந்த அதிகாரிக்குத் தெரியாது. கப்பலில் ஏற்றும்போது பெயர் கூப்பிட்டார்கள். கரை இறங்கித் தங்கிய முகாமிலும் கூப்பிட்டார்கள். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் குடும்பம் முழுவதையும் ஓரமாக நிறுத்திவிடுவார்கள். அன்றும் முன்வரிசையில் நின்ற வீரையா மாமா, "இந்த வாட்டி எந்தக் கப்பல்ல ஏத்தப் போறீங்க, தொரே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் பெயர் வந்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இருக்கேனுங்க ஐயா" என்றார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் விடாமல் பதில் சொன்னார்கள்.

4. அதிகாரி படித்தது, முகாமில் எங்களுக்கு வேலை ஒதுக்கியபோது எழுதிய பழைய பட்டியல். அதில் என் அக்காள் அன்னக்கிளியின் பெயரும் இருந்தது. அக்காள் அந்த முகாமிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள். இந்த மலையை அவள் பார்த்ததே இல்லை. அவள் பெயரைக் கூப்பிட்டதும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா, "இருக்கா, ஐயா" என்றார்.

5. அன்று மதியமே ஃபாக்டரிச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பதில் சொன்ன அனைவரும் வேலைக்குத் திரும்பிவிட்டதாகவும், வேலைநிறுத்தம் முடிந்ததாகவும், திங்கட்கிழமை முதல் வராதவர்கள் குடியிருக்கும் லய வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. திரும்பியவர்களின் பெயர்களில் என் அக்காளின் பெயரும் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். படித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

6. அன்று முதல் அம்மா, கடைக்குப் போகிறவர்களையும் தண்ணீருக்கு வருகிறவர்களையும் நிறுத்தி, "அன்னக்கிளிய எந்த மலையில வேலைக்குப் போட்டிருக்காங்க?" என்று கேட்கிறார். பறிக்க ஆள் இறங்காததால் கொழுந்து முற்றிச் செடிகள் உயர்ந்து நிற்கின்றன. மூடுபனியில் செடி அசைந்தால், கூடையோடு யாரோ நிற்பதுபோல் எனக்கும் தெரிகிறது. நான் அறிவியல் படிக்கிறவள். அது காற்று என்று தெரியும். ஆனாலும் பள்ளிக்கு, செடிகளுக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் இப்போது போவதில்லை.

7. பதில் சொன்னது பயத்தினால். வேலைக்குத் திரும்பச் சம்மதித்து யாரும் சொல்லவில்லை. கேட்காமலே எங்கள் ஆட்களின் போராட்டத்தை முடித்து எழுதிவிட்டார்கள். ஆகவே அந்த அறிவிப்பைத் திங்கட்கிழமைக்குள் ரத்து செய்யவும், சங்கத்தோடு பேசித் தீர்க்காமல் போலீசை வைத்து இனி பெயர் கூப்பிடக் கூடாது என உத்தரவிடவும் வேண்டுகிறேன்.

8. நான் எழுதியதில் சந்தேகம் இருந்தால் ஐயா அவர்களே நேரில் வரலாம். பட்டியல் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, வேலைக்குத் திரும்பினீர்களா என்று கேளுங்கள். எல்லோரும் உண்மையைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்பாவிடம் கேளுங்கள். அம்மாவிடம் மட்டும் கேட்க வேண்டாம்.

இடம்: கீழ் கோத்தகிரி
நாள்: 23.8.1980

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ப. தெய்வம்மா