கழனியில் ஏறிய மணல்

நவ. 21, வெள்ளி

தூறல். காலையில் திருத்தணி தாலுகா ஆபீஸ். வெள்ளத்தில் மணல் ஏறிய கழனிக்கு நிவாரணம் உண்டாம். வி.ஏ.ஓ. நேரில் பார்த்து போட்டோ எடுக்கணும். திங்கள் வருகிறார். அதுவரை மணலில் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பிக் கல்யாணமே பண்ணிக்கொண்டவள் நான்.

மணலை எப்படியாவது நாங்களே வாரிக்கொள்ளலாம். நிவாரணக் காசு ஆற்றங்கரை உடைப்பை அடைக்க. உடைப்பை அடைக்காமல் நட்டால் அடுத்த வெள்ளத்தில் பயிர் போச்சு. நாற்று வேறு முற்றிக்கொண்டு வருகிறது.

வாங்க: தவிடு, தே. எண்ணெய், டார்ச்சுக்கு பேட்டரி.

நவ. 23, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அரக்கோணத்தில் மகளுக்குக் காய்ச்சல். பார்த்துவிட்டு சாயங்கால ரயிலில் மணவூர். ஸ்டேஷனில் வீட்டுக்காரர், சிரித்த முகமாய். அப்போதே எனக்குச் சந்தேகம்.

கழனியில் மணலே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பாவா, என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் கஷ்டத்தை எடுத்துச் சொன்னாராம். சபையில் மூப்பர், அவர் சொன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பாதி சபை மண்வெட்டியோடு இறங்கி, பாவா டிராக்டரில் வாரி, ஆற்றோரம் குவித்துவிட்டது. கடைசியில் ஸ்தோத்திர ஜெபம் வேறு. அவ்வளவு பேர் ஆசையாய் வந்து நிற்கும்போது எப்படித் தடுப்பது என்கிறார் இவர்.

ஆத்திரத்தில் அழுதேன். யாரைத் திட்ட? பாவாவிடம் விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துப்போனது.

"காலைல திரும்பக் கொட்டிடறோம்மா," என்றார். பொய்யே பேசாத மனுஷன். வேண்டாம் என்று எனக்கு வாய் வரவில்லை.

நவ. 24, திங்கள்

வானம் கருத்துக் கிடக்கிறது. விடிந்ததும் ஆரம்பம். வாரினவர்களே கொட்டினார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பாதிக் கழனி மூடியிருக்கும், பைக் சத்தம். வி.ஏ.ஓ., சொன்ன நேரத்துக்கு முன்னாடியே.

அவர் கண்ணில் பட்டது ஆற்று மணலும் டிராக்டரும் ஆட்களும். மணல் திருட்டு, வண்டியைப் பிடித்து போலீசில் விடுகிறேன் என்று போனை எடுத்தார். பாவா வீட்டுக்கு அந்த வண்டிதான் சோறு. அவர் சாவியை உருவிக் கையில் பிடித்தபடி இறங்கி நின்றார்.

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"சார், மணல் எங்க கழனிதுதான். நேத்து தெரியாம வாரிட்டாங்க. நீங்க பாக்கணுமேன்னு நாங்களே திரும்பக் கொட்டிகினு இருக்கோம். நான்தான் வேணாம்னு சொல்லல. வண்டிய வுட்டுடுங்க சார்."

கழனியை ஒரு சுற்று நடந்து பார்த்தார். சிரிக்கிறாரா, கோபமா, தெரியவில்லை. போனைப் பையில் போட்டார். வண்டிமேல் ஒன்றும் எழுத மாட்டாராம். நிவாரணத்துக்கும் எழுத முடியாதாம்.

"கொட்டின மணலுக்கு நான் எப்டிம்மா எழுதறது?"

போய்விட்டார். நியாயம்தான். இருந்தும் வயிறு எரிகிறது. சமைக்கவில்லை.

நவ. 25, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, உடைப்பு அப்படியே. வாசலில் பாவா, பின்னால் நேற்று வந்தவர்கள் எல்லாரும். கையில் காலி சிமெண்டுச் சாக்குகள். மணலை அதில் கட்டி உடைப்பில் அடுக்கப் போகிறார்களாம். தாங்குமோ என்னவோ.

பாவா உள்ளே வரவில்லை. நனைந்தபடியே நின்று கேட்டார்.

"மணல்ல கை வெக்கலாமாம்மா?"

"யாரும் வரப்போறதில்ல பாவா. எடுங்க."

சாக்கு பிடிக்க ஆள் வேணுமாம். போகிறேன்.