மூடுபனியில் வந்த குரல்

அன்புள்ள சுபா,

நீ லீவு போட்டு உன் ஊர் பூண்டிக்குப் போனதிலிருந்து, மனம் சோர்ந்த பிள்ளைகளுடன் பேசும் நம் தோழிகள் குழுவில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. யாரோ ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் தெரியவில்லை.

"என்னால முடியலடி. யார்ட்டயும் சொல்லிராத."

உன் குரல். கையைப் பிடித்தேன், ஈரமாக, சில்லென்று இருந்தது. பனி விலகியபோது பெஞ்சில் யாருமில்லை.

செலினா டீச்சரிடம் ஓடினேன். அவர் உன் அப்பாவுக்குப் போன் செய்தார். பூண்டுக் காட்டில் வேலையாயிருந்த அப்பா ஓடிப் போய்ப் பார்த்தபோது, நீ குளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாயாம்.

சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். கோபமிருந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்து, எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டு.

இப்படிக்கு,
உன் பெஞ்சுக்காரி