வடக்கே விழுந்த நிழல்

ஜனவரி 11
வஸீலாவைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் ரெதுவான், நம் அல்ஜீரியாக்காரன், அதிலும் நம் முஸ்தகானம் ஊர்தான். கனடாவில், வான்கூவரில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். என் மகளுக்குப் பிடித்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை அவனுடைய பெரியப்பா வந்து, ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வதாகப் பேச்சு.

போனில் என் செருப்புக்கடைக் கதை முழுவதையும் கேட்டான். ஒரு கொட்டாவிகூட இல்லை. கட்டிய மனைவி கைராவே பாதியில் எழுந்து போய்விடுவாள். இவனுக்கு என்ன வந்தது? எங்கேயோ இடிக்கிறது.

ஜனவரி 12
பிடித்துவிட்டேன்! சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோவில் பேசினோம். நமக்கு இருட்டிவிட்டது, அவனுக்கு நண்பகல். "லுஹர் நேரமாச்சு மாமா, இதோ வந்துடறேன்" என்று போனைச் சாய்த்து வைத்துவிட்டு, என் கண் முன்னாலேயே பாயை விரித்துத் தொழுதான். ஜன்னல் வெயில் அவன் முதுகில். நிழல் அவனுக்கு முன்னால். நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழும்? வடக்கே. வட துருவத்திலா இருக்கிறது மக்கா?

ஜனவரி 13
கடையில் ஈரச் சுவரை மறைக்க ஓர் உலகப் படம் மாட்டியிருக்கிறேன். ஒரு ஷூ லேஸ் எடுத்து வான்கூவரில் ஒரு முனையும் மக்காவில் மறுமுனையும் வைத்தேன். வலப்பக்கம், கீழே. தென்கிழக்கு! தினம் தொழுகிறவனுக்கு மக்கா இருக்கும் திசை, கிப்லா, தெரியாதா? நமக்காக நடித்திருக்கிறான்.

கைரா சொன்னாள்: "கால் அளவு எடுக்கிற மாதிரி மாப்பிள்ளையையும் அளக்கிறீங்களா? அவர்கிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?"

கேட்டால் உஷாராகிவிடுவானே.

ஜனவரி 14
எனக்குப் பல்வலி, வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று பெரியப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். வஸீலா என்னோடு பேசவில்லை.

ஜனவரி 15
பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"வாப்பா, பிடிக்கலைன்னு சொல்லுங்க, தாங்கிக்கிறேன். அவர் தொழுகையைப் பொய்யின்னு சொல்லாதீங்க."

கண் கலங்கிவிட்டாள். நான் என்ன அவ எதிரியா? இருக்கிறது ஒரே பொண்ணு, கடல் தாண்டி அனுப்பணும் — சந்தேகப்படாம எப்படி இருக்கிறது?

ஆதாரம் கெட்டியாக இருக்கட்டும் என்று பக்கத்து நோட்டுப் புத்தகக்கடை மிலூதிடம் உலக உருண்டையை இரவல் வாங்கினேன். அதே லேஸ், அதே இரண்டு ஊர். இறுக்கி இழுத்தால் என் வழியில் நிற்கவில்லை. வழுக்கி மேலே ஏறி, கிரீன்லாந்தின் தலையைத் தடவிக்கொண்டு போய் மக்காவில் இறங்கியது. வான்கூவரிலிருந்து கிளம்பும்போது கிட்டத்தட்ட வடக்கு! கீழ்வழியாக அமுக்கிப் பிடித்தேன். லேஸ் எட்டவில்லை; என் வழிதான் சுற்றுவழி.

"உன் உருண்டை கோணல்யா" என்றேன்.

"உருண்டை சரியாத்தான் இருக்கு. கோணல் யாருன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்."

ஷூ சுற்றும் தாளை உருண்டையில் சுற்றிப் பார்த்தேன். நடுவில் படிந்தது; மேலும் கீழும் மடிப்பு மடிப்பாகப் புடைத்தது. அப்போதுதான் உறைத்தது. உச்சியில் ஒரே புள்ளியில் கூடவேண்டிய உலகத்தைத் தட்டையாக்குவதற்காகச் சுவர் அகலத்துக்கு இழுத்து விரித்திருக்கிறார்கள். வடக்கே போகப் போக இழுவை அதிகம். உருண்டையில் நம் அல்ஜீரியா கிரீன்லாந்தைவிடப் பெரிது. என் சுவரிலோ கிரீன்லாந்து நம்மை விழுங்கி ஏப்பம் விடும் அளவுக்கு இருக்கிறது. இத்தனை வருஷம் அந்தப் படம் என் கடைச் சுவரிலேயே தொங்கி என்னை ஏமாற்றியிருக்கிறது. அதை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. பையனைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஜனவரி 16
பல் சரியாகிவிட்டது, நாளைக்கே வாருங்கள் என்று பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"எந்தப் பக்கத்துப் பல்லு?" என்றார்.

"ரெண்டு பக்கமும்" என்றேன். மனிதர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். பின்னால் நின்ற வஸீலா சிரித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 24, வான்கூவர்
மகள் வீடு. மாப்பிள்ளை கூஸ்கூஸ் செய்கிறேன் என்று அடுப்படியில் நிற்கிறான். வாசனை சந்தேகமாக இருக்கிறது.

லுஹர் நேரம். பாயை எடுத்தேன். எந்தப் பக்கம் விரிக்கவேண்டும் என்று சொல்ல வஸீலா வாயெடுத்தாள். பிறகு பேசாமல் நின்று பார்த்தாள். விரித்து நின்றேன். வெயில் முதுகில் சுட்டது. என் நிழல் எனக்கு முன்னால் விழுந்தது.