ஐஸ் பெட்டி எடுத்துப்போன நாள்

ஆகஸ்ட், புதன் இரவு

லண்டனிலிருந்து வந்த அண்ணா என் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கவில்லை. ஒரு வார விடுமுறை முழுவதும் எங்கள் ஊருக்கு வெளியே இருக்கிற இல்-பிசார் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துக் கெண்டை பிடிக்கிறாராம். அந்த எரிச்சலோடுதான் இன்று அவருக்குச் சோறும், மீன் கொண்டுவர ஐஸ் பெட்டியும் எடுத்துப்போனேன்.

நான் போய்ச் சேரவும் தூண்டில் வளைந்தது. வெகுநேரம் போராடி அவர் வலையில் ஏற்றிய மீன் ஒரு சின்னப் பிள்ளையின் நீளம் இருந்தது. செதில்கள் வெயிலில் செம்பாக மின்னின. இவ்வளவு பெரிய உயிர் அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் இத்தனை காலம் சத்தமில்லாமல் வாழ்ந்திருக்கிறது.

அண்ணா அதை ஈரப் பாயில் கிடத்தி, தூண்டில் முள் குத்திய உதட்டுக்கு மருந்து பூசினார்.

“அண்ணா, குழம்புக்குக் கூட்டு அரைச்சு வைச்சிருக்கிறன்.”

“விடத்தான் பிடிக்கிறது, பிள்ளை. கையை நனைச்சிட்டு வந்து பிடி.”

தண்ணீருக்குள் அதன் வயிற்றைத் தாங்கினேன். அது உடனே போகவில்லை. என் கைகளிலேயே மூச்சு வாங்கியபடி கிடந்தது. பிறகு ஒரே உதறலில் மறைந்தது.

“போயிட்டு வா,” என்றார் அண்ணா தண்ணீரைப் பார்த்து. போன வருடம் அண்ணியின் செத்தவீட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சோறு எங்க?” என்று கேட்டார்.

அரைத்த கூட்டு அப்படியே இருக்கிறது. நாளைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கலாம். ஐஸ் பெட்டி வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் உட்கார எனக்கும் ஒரு கதிரை கொண்டுபோக வேண்டும்.