கையெழுத்தில் தெரிந்த வாக்கு

ஹோர்சன்ஸ், டென்மார்க்
15.12.1985

அன்பு மகள் மார்கிரட்,

கர்த்தர் தந்த சுகத்தோடு நானும் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மருமகனும் அங்கே அதே சுகத்தோடு இருக்கவேண்டுமென்று ஜெபிக்கிறோம். இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் நோவு கூடியிருக்கிறது, ஆனாலும் டெனிஷ் வகுப்பை அவர் ஒரு நாளும் விடுவதில்லை. நீ அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிப் படிக்கச் சேர்ந்தது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வேலையும் படிப்புமாக ஓடித்திரிந்து சாப்பிடாமல் இருந்துவிடாதே.

நீ விளக்கம் கேட்டு அனுப்பிய சொற்களுக்கு, ஊரில் இருபத்திரண்டு வருடம் குடியியல் படிப்பித்தவள் என்ற துணிவில் பதில் எழுத உட்கார்ந்தேன். இம்பீச்மென்ற் என்றால் பதவியிலிருந்து கலைப்பது என்று எழுதியிருக்கிறாய், பிழை. கீழ்ச்சபை குற்றம் சாட்டுவது மட்டுந்தான் அது, விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனற். வீற்றோ என்பது காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தை ஜனாதிபதி மறுப்பது, இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எதிர்த்து நின்றால் அந்த மறுப்புச் செல்லாது. எலெக்ரொறல் கொலிஜ் படிக்கிற கொலிஜ் இல்லை, ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய மாநிலங்கள் நியமிக்கிற ஆட்கள். இவ்வளவும் ஒரே மூச்சில் எழுதினேன். அடுத்தது ஒஸ்ரேலியன் பலற், அதாவது ஒஸ்ரேலிய வாக்குச்சீட்டு, அமெரிக்கத் தேர்தலில் ஒஸ்ரேலியாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். அதில் பேனை நின்றுவிட்டது. இரண்டு கிழமையாக இந்தக் கடிதம் முடியாமல் கிடந்தது அதனால்தான். அம்மா செய்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுத எனக்கு முகமில்லை.

போன மாதம் இங்கே கொமூன் என்கிற நகரசபைக்குத் தேர்தல், விளக்குக் கம்பமெல்லாம் வேட்பாளர்களின் படம். அதைப் பார்த்துவிட்டு எங்கள் அகதி விடுதிக்குப் பொறுப்பான டெனிஷ் பெண்மணி, நீங்களும் உங்களுக்காகக் கதைக்க ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள் என்றார். எங்களோடு ஞாயிறு ஆராதனைக்கு வருகிற ஜெயசிங்கமும் பாலேந்திரா என்ற ஓர் இளைஞரும் போட்டிக்கு நின்றார்கள். ரீச்சர்தான் தேர்தல் அதிகாரி என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்ல எனக்கும் பெருமையாகப் போய்விட்டது. ஒரு துண்டில் பெயரை எழுதி பிஸ்கட் தகரப் பேணிக்குள் போடச் சொன்னேன். நான் தனியே இருந்து எண்ணினேன், பாலேந்திரா நாலு வாக்கால் வென்றார். ஆனால் எண்ணும்போதே ஒரு துண்டில் கண் நின்றது, பாலேந்திரா என்று சரித்து எழுதிய எழுத்து, டெனிஷ் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கும் தவமணியின் எழுத்து. அவள் ஜெயசிங்கத்தின் தம்பி மனைவி, புருஷன் இன்னும் கொழும்பில் நிற்கிறான், ஜெயசிங்கத்தின் குடும்பத்தோடுதான் அவளுக்குச் சமையலும் சாப்பாடும்.

அடுத்த நாள் எல்லாரும் சமைக்கிற குசினியில் ஜெயசிங்கம் முகம் வாடி நின்றார். "என்ரை வீட்டுச் சனமாவது எனக்குப் போட்டதோ ரீச்சர்" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எல்லாரும் எண்டு சொல்லேலாது" என்றேன். ஆர் என்று கேட்டார், நான் பெயரைச் சொன்னேன். அவர் மேலுள்ள பரிவு என்று அப்போது நினைத்தேன், இல்லை மகள், எனக்குத் தெரியும் என்று காட்டுகிற ஆசை. அன்று பின்னேரமே ஜெயசிங்கம் வீட்டார் தவமணியின் கோப்பையையும் பானையையும் அவளுடைய அறை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவள் தனியச் சமைத்துத் தனிய இருந்து சாப்பிட்டாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "நான் ஆருக்கும் சொல்லேல்லை ரீச்சர், அந்தத் துண்டுகளைத் தொட்டது நீங்கள் மட்டுந்தான்" என்றாள். சத்தம் போடவில்லை. நான் அடுப்பில் கறி கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

ஒரு கிழமை அப்படியே போனது. பிறகு அப்பாவிடம் சொன்னேன், எல்லாருக்கும் முன்னால் போய் ஒத்துக்கொள்ளும் என்றார். சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று, வாக்கின் இரகசியத்தை வெளியே விட்டது நான்தான், இனி என்னை எதற்கும் அதிகாரியாக வைக்காதேயுங்கோ என்றேன். ஜெயசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு எழும்பிப் போனார், தவமணியை மட்டும் ஒருவரும் சாப்பாட்டுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் ஓல்போர்க் நகரத்து விடுதிக்கு மாற்றம் கேட்டிருந்தாள், கிடைத்துவிட்டது. புகையிரத நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன், மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள், "பெண்கள் குளிக்கிற அறைக் கதவுக்குக் கொளுக்கி வேணுமெண்டு விடுதிக் கந்தோரிலை கேட்டது பாலேந்திரா ஒருத்தர்தான், அதுக்காகப் போட்டனான். ஏன் போட்டனி எண்டு நீங்களாவது கேட்டிருக்கலாம் ரீச்சர்." பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

ஒஸ்ரேலியன் பலற் என்று நீ கேட்டதற்கு விடை இதுதான். எல்லா வேட்பாளரின் பெயரையும் அரசாங்கமே ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கும், மறைவில் நின்று விரும்பிய பெயருக்கு நேரே புள்ளடி போடவேண்டும். ஒஸ்ரேலியாவில் தொடங்கியதால் அந்தப் பெயர். கையெழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு, என்னைப் போன்றவர்களுக்குப் பயந்து செய்தது. இதை இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

பாலேந்திரா கேட்ட கொளுக்கியைப் போன திங்கட்கிழமை போட்டார்கள். ஒவ்வொரு நாளும் நான் அதைப் பூட்டிக்கொண்டுதான் குளிக்கிறேன்.

கர்த்தர் உன் கையையும் மருமகனின் கையையும் ஆசீர்வதிப்பாராக, பரீட்சையில் உனக்கு நல்ல ஞாபகத்தைத் தருவாராக. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் வாசித்துக் காட்டு, அம்மாவுக்காக எதையும் மறைக்காதே.

உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
நேசமலர் அன்புராஜா