நாலரை மணிக்கு நாம் போகாத கடற்கரை

சாய்ந்தமருது,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பஹ்மிதாவுக்கு வாப்பா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் உம்மாவும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், மனதால் எப்படி என்பதை இந்தக் கடிதத்தை வாசித்து முடித்து நீயே கண்டுகொள். நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி இருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறோம். வாப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார், போன் பழுதா என்று நினைப்பாய். போன் நல்லாத்தான் இருக்கிறது, நான்தான் பழுது. போனில் கதைத்தால் நான் சத்தம் போடுவேன், நீ “சரி வாப்பா” என்பாய், இரண்டு பேரும் வைத்துவிடுவோம். இருபத்தொரு வருசமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் நீ இடையில் “சரி வாப்பா” சொல்ல முடியாது, நானும் இடையில் எழும்பி ஓட முடியாது. உண்மையைச் சொன்னால் இதுவரைக்கும் எழுதுவதற்குள் இரண்டு தரம் எழும்பிப் போய்த் தண்ணீர் மோட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

போன கிழமை நாங்கள் கொழும்புக்கு வந்தது ஊர் பார்க்க இல்லை, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மருதமுனை அச்சிமுகம்மதுவின் மகன் றிபாத்துக்கு உன்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள், அதற்கு உன் வாயால் ஒரு சொல் கேட்கத்தான் ஐஸ் பெக்டரியில் லீவு போட்டு வந்தேன். வந்து இறங்கினால் நீ ஒரு தாளை நீட்டினாய். கப்பலில் வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு உங்கள் சுற்றுலாக் கந்தோரில் அடித்துக் கொடுக்கிற அதே பயணத் தாள். மேலே “விருந்தினர்: நஜீம் குடும்பம், இருவர்” என்று இருந்தது. பெற்ற வாப்பாவை விருந்தினர் என்று எழுதிய முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய் என்று நான் ஏசினேன், உன் உம்மா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “புள்ள எவ்வளவு அழகா நேரம் போட்டிரிக்கி, நீங்க ஒரு நாளாவது எனக்கு இப்பிடி ஒண்டு எழுதித் தந்திருப்பீங்களா” என்றா. ஒன்பது மணிக்குத் துறைமுகம் சுற்றிக் காட்டுகிற படகு, பதினொன்றரைக்குப் பழம்பொருள் நூதனசாலை, இரண்டு மணிக்குச் சாப்பாடு, மறுநாள் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, புறக்கோட்டையில் உம்மாவுக்குச் சாமான், பேர வாவியில் அன்னப் படகு, மூன்றாம் நாள் தாமரைக் கோபுரம், துறைமுக நகரத்தில் நடை, கடைசியாகக் காலிமுகத்திடல் கடற்கரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு: தொப்பி, தண்ணீர்ப் போத்தல், வசதியான செருப்பு. வேலையில் கெட்டிக்காரி நீ, அதை நான் அங்கே வைத்துச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று பார். படகில் எல்லாரும் கப்பல்களைப் பார்க்க நான் அந்த ஏசி பெட்டிக்குக் கீழே காதை வைத்துக்கொண்டு நின்றேன், விசிறியின் பெயரிங் போய்விட்டது, இன்னும் ஒரு மாதம்தான் என்று படகுக்காரரிடம் சொன்னேன், அவருக்கு என் தமிழும் விளங்கவில்லை எனக்கு அவருடைய சிங்களமும் விளங்கவில்லை, நீ நடுவில் நின்று வெட்கத்தோடு மொழிபெயர்த்தாய். நூதனசாலையில் ஒன்றரை மணித்தியாலத்துக்குப் போட்டிருந்த இடத்தை எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வாசலில் நின்று போன் பண்ணினேன். மிருகக்காட்சிசாலையில் டிக்கெட் கொடுத்தவர் என்னை உன் காக்கா, கூடப் பிறந்த அண்ணன் என்று நினைத்துக் கேட்க, உன் உம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. இருபது வயதில் கல்யாணம் முடித்தால் அப்படித்தான், வாப்பாவுக்கு வயது வருவதற்குள் மகள் வளர்ந்துவிடுகிறாள், பொறுமை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அன்னப் படகில் நான் மிதித்த வேகத்தில் செயின் கழன்றது ஞாபகம் இருக்கிறதா. அந்த நேரத்தில்தான் உன் உம்மா மெதுவாகக் கேட்டா, “மகள், மருதமுனைக் கத என்ன மாதிரி, உன்ட மனசில என்ன இரிக்கி” என்று. நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து செயினை மாட்டிக்கொண்டிருந்தேன். “பிறகு கதைப்பம் உம்மா, வாப்பாவும் கேக்கிற மாதிரி” என்றாய். நான் கையில் கிரீசோடு, “கதைக்கிறத கரையில கதைக்கலாம், முதல்ல இத மிதிங்க” என்றேன்.

மூன்றாம் நாள் கோபுரத்திலிருந்து இறங்கும்போது தங்கராசா போன் எடுத்தான். காரைதீவுத் தங்கராசாவை உனக்குத் தெரியும், பெக்டரியில் எனக்குக் கீழே வேலை, வாயில் எனக்கு மேலே. பெரிய கொம்பிரசரில் ஒரு புதுச் சத்தம் கேட்கிறது என்றான். அதோடு என் உடம்பு கொழும்பில் இல்லை. இரவு பஸ்ஸுக்கு இருந்த பயணத்தை இரண்டு மணி பஸ்ஸுக்கு மாற்றினேன். நீ உன்னிடம் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு, “அப்ப பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போறத விடுவோமா வாப்பா” என்று கேட்டாய். நான் சொன்ன பதிலை எழுதவே கை கூசுகிறது. “என்னத்துக்கு, அங்க இரிக்கிறதும் கடல்தானே, நம்மட ஊட்டுக்குப் பின்னாலயும் அதுதான் கிடக்கு” என்றேன். பஸ் ஏறுகிற இடத்தில் சீட் நம்பர் சொன்னார்கள், எழுதத் தாள் இல்லை, உன் கையிலிருந்த தாளைப் பிடுங்கி அதன் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நீ “வாப்பா, அது என்ட” என்றாய். பஸ் எடுத்துவிட்டான். ஊருக்கு வந்து நேரே பெக்டரிக்குப் போனால் தங்கராசா வாசலில் நின்று சிரிக்கிறான். கவரில் ஒரு நட்டு லூசாகி இருந்திருக்கிறது, அவனே இறுக்கிவிட்டானாம். “நஜீம் காக்கா, மகளையும் கடலையும் உட்டுட்டு ஒரு நட்டுக்காக ஓடி வந்த ஆள் நீங்கதான்” என்றான். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அச்சிமுகம்மது மருதமுனையில் அத்தனை பள்ளிவாசல் இருக்க நம்முடைய பள்ளிக்கே ஜும்ஆவுக்கு வந்திருந்தார். செருப்பைப் போடுவதற்குள் பிடித்துக்கொண்டார். “என்ன நஜீம், புள்ள என்ன சொல்லுது” என்று கேட்டார். மகள், அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை, முகம் கோணவில்லை, மூன்று நாள் எங்களைச் சந்தோசமாகக் கூட்டித் திரிந்தாய், அதனால் விருப்பம்தான் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு “ஓம்” என்று சொல்லிவிட்டேன். நம்முடைய ஊர்களில் பெண்ணின் ஓம் வாப்பாவின் வாயால்தான் வரும், அதை ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹாச் செய்தார், பக்கத்தில் நின்றவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள், அரை நிமிடத்தில் முடிந்தது. சனிக்கிழமையே அவருடைய வீட்டுப் பெண்கள் வந்து மேல்மாடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை நம் வீட்டுக்குத்தானே வந்து இருக்கப் போகிறார், மாடி உங்கள் இரண்டு பேருக்கும், நானும் உம்மாவும் பின்னால் இருக்கிற சின்ன அறைக்குப் போவது என்று நீ பிறந்த வருசமே முடிவு செய்ததுதான். அவர்கள் ஜன்னல் சீலைக்கு அளவு எடுத்தார்கள், நான் மாடித் தரைக்கு மிச்ச ஓட்டுக்கல் பதிக்க ஆள் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடி ஜன்னலுக்குக் கம்பி அடிக்க அளவு குறிக்க வேண்டி இருந்தது. சட்டைப் பையில் கைவிட்டால் உன் தாள். பின்பக்கத்தில் சீட் நம்பருக்குக் கீழே நாலு ஜன்னலின் நீளம் அகலம் எழுதினேன். ஐந்தாவதற்கு இடம் இல்லை, திருப்பினேன். அது உம்மாவிடம் இருக்கிற தாளைப் போல இல்லை, நீ பென்சிலால் எழுதி வைத்துக்கொண்ட உன் தாள். கடைசிக் கட்டம்: பி.ப. 4.30 – 5.30, காலிமுகத்திடல். எங்களுடைய தாளில் அவ்வளவுதான். உன்னுடையதில் அதற்குப் பக்கத்தில் “வாப்பாவும் நானும் மட்டும். உம்மா அறையில் ஓய்வு” என்று இருந்தது. குறிப்புப் போடுகிற இடத்தில் தொப்பி இல்லை, தண்ணீர்ப் போத்தல் இல்லை. “வாப்பா கோபப்பட்டாலும் நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தாய்.

நான் அளவுநாடாவை எங்கே வைத்தேன் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தாளை உம்மாவிடம் காட்டினேன். அவ இரண்டு தரம் வாசித்தா. பிறகு, “நீங்க புள்ளைட்ட வாயால கேட்டீங்களா, இல்ல பிறிஜ்ஜுக்கு வெக்கிற மாதிரி காத வெச்சிப் பாத்துட்டு சரி எண்டு வந்தீங்களா” என்றா. கேட்கவில்லை. மூன்று நாளில் உன்னிடம் எத்தனை மணிக்கு, எத்தனை தூரம், எப்போது முடியும் என்று நூறு தரம் கேட்டேன், இதைக் கேட்கவில்லை. மூன்று நாளை நீ அவ்வளவு நெருக்கமாக அடுக்கியதே கடைசியில் அந்த ஒரு மணித்தியாலத்தைச் சும்மா விடுவதற்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது. என்ன சொல்ல இருந்தாய் என்று ஞாயிறு முழுக்க யோசித்தேன். வேலையை விட மனம் இல்லையோ, மேலே படிக்க வேண்டுமோ, வேறு யாரும் மனதில் இருக்கிறாரோ, றிபாத்தைப் பிடிக்கவில்லையோ, இல்லாவிட்டால் ஓம் என்றே சொல்லி அதற்கு ஏதும் நிபந்தனை வைக்க இருந்தாயோ. ஒரு மெசின் ஓடாவிட்டால் ஒன்றொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுபோல உன்னைக் கழற்றிப் பார்த்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன். நீ சொல்லாததை நான் ஊகித்து ஒரு தரம் செய்த வேலை போதும்.

நேற்று மருதமுனைக்குப் போனேன். உன் உம்மா வர வேண்டாம் என்றேன், ஏச்சு எனக்கு மட்டும் கிடைக்கட்டும். அச்சிமுகம்மதுவிடம், நான் மகளிடம் கேட்காமல் ஓம் சொல்லிவிட்டேன், அந்த ஓமைத் திருப்பி எடுக்கிறேன், கேட்டுவிட்டு வந்து உள்ளதைச் சொல்கிறேன் என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் செத்துப்போனது. “சொல்லு எண்டா என்ன, ஒங்கட பெக்டரி ஐஸா கரைஞ்சி போக, பள்ளி வாசல்ல வெச்சிச் சொன்ன சொல்லு” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. எனக்கென்று உள்ளே ஊற்றப் போன தேத்தண்ணி வெளியே வரவில்லை. நான் எழும்பி வாசலுக்கு வரும்போது றிபாத் பின்னால் வந்தான். “மாமா, நானும் ரெண்டு மாசமாக் கேக்கிறன், அவவுக்கு விருப்பமா எண்டு, ஒருத்தரும் எனக்கு மறுமொழி சொல்லல்ல, நீங்க கேட்டுட்டு எதுவா இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல சொல்லுங்க” என்றான். அந்தப் பொடியன் கதைத்த விதம் எனக்குப் பிடித்தது, ஆனால் அது என் பிடிப்பு, உன்னுடையதோடு சேர்க்காதே. இந்தச் சம்பந்தம் நிற்கலாம், போகலாம். ஊரில் இரண்டு நாளைக்கு என்னைப் பற்றித்தான் கதை, தங்கராசா இப்போதே பெக்டரியில் என்னை “வாபஸ் காக்கா” என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். கூப்பிடட்டும். ஓட்டுக்கல் ஆட்களை நிறுத்திவிட்டேன். வீடு உன் பெயரில் இருக்கிறது, நீ ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அது உன் பெயரில்தான் இருக்கும், ஊருக்கே வரமாட்டேன் என்றாலும்கூட. அதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது, எழுதாமல் விட்டால் பிறகு மறைத்ததாகப் போகும்.

வருகிற சனிக்கிழமை நான் தனியாக வருகிறேன். தாள் அடிக்காதே, எந்த இடத்தையும் காட்டாதே, நான் விருந்தினர் இல்லை. நாலு மணிக்கே காலிமுகத்திடலில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். இறால் வடை வாங்கி வைப்பேன், ஆறிப்போனால் சாப்பிடு, ஏசாதே. போனை நிறுத்தி வைக்கிறேன் என்று தங்கராசாவிடம் சொல்லிவிட்டேன், பெக்டரி எரிந்தாலும் ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்றேன். நான் கோபப்படமாட்டேன் என்று வாக்குத் தரமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். ஆனால் நடுவில் எழும்பமாட்டேன். நீ எழுதி வைத்தபடி சொல்லி முடி.

இந்தக் கடிதத்தைக் கல்முனையில் பகல் பஸ் கண்டக்டரிடம் பார்சலோடு கொடுத்து அனுப்புகிறேன், அவருடைய போன் வந்ததும் கொழும்புக் கோட்டை பஸ் நிலையத்தில் போய் எடு. உம்மா கிண்டிய தொதல் இனிப்பும் நெத்தலிக் கருவாடும் வைத்திருக்கிறா, கருவாட்டை போடிங்கில் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு, தனியே தின்று வயிற்றைக் கெடுக்காதே. அந்தப் போடிங் குசினியில் நான் மாற்றித் தந்த பிளக்கில் கேத்திலையும் அயன்பொக்ஸையும் ஒன்றாகப் போடக் கூடாது, மற்றப் பிள்ளைகளிடமும் சொல்லு, வயர் பழையது. தொழுகையை விடாதே. உம்மா உனக்கு ஆயிரம் சலாம் சொல்லச் சொன்னா, அவ எழுதச் சொன்ன வேறொன்று, “வாப்பா ஏதும் கத்தினா எனக்கு உடனே போன் எடு.” அல்லாஹ் உனக்கு நல்லதை நாடட்டும், அது எங்களுக்குப் பிடித்ததாக இல்லாவிட்டாலும் அதை ஏற்றுக்கொள்கிற மனதை எங்களுக்குத் தரட்டும், ஆமீன்.

உன் தாளையும் இத்தோடு வைத்திருக்கிறேன், பின்பக்கம் ஜன்னல் அளவு இருக்கிறது, அதைப் பார்க்காதே. முன்பக்கத்தில் கடைசிக் கட்டத்தை மட்டும் பேனையால் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். நாலரை மணி அப்படியே இருக்கிறது. ஐந்தரையை வெட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
நஜீம்.